ஹெரால்ட் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது

அம்பாசிடருக்கு ஒரு கூட்டம் உண்டு, பத்மினிக்கு ஒரு கூட்டம் உண்டு. வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில், நம் ஊரிலேயே உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டைத் தேடி வருபவர்கள் குறைவு. பழைய கார் மீது ஆசையும் கையில் அளவான பணமும் உள்ளவர்களுக்கு அது இன்னும் கட்டுப்படியாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரிட்டனில் 1959இல் ட்ரையம்ஃப் ஹெரால்ட் அறிமுகமானபோது கூபே, சலூன் என இரண்டு வடிவங்களில் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலொட்டி. இங்கே 1960களின் தொடக்கத்தில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் தயாரித்தது இரண்டு கதவு சலூன். நான்கு கதவு வண்டி பிறகுதான் வந்தது. 948 சி.சி. எஞ்சின் முன்னால், இயக்கம் பின்சக்கரங்களுக்கு. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பகுதி முழுவதும் சாய்ந்து திறக்கும். எஞ்சின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் கண்ணெதிரே நிற்கும். வாங்குபவருக்கு இதைவிட வசதியான கார் அபூர்வம்.

ஆனால் பானெட்டைத் திறப்பதற்கு முன் கேட்க வேண்டியது ஆர்.சி. புத்தகத்தை. துருவைப் பணம் கொடுத்துச் சரிசெய்யலாம். ஆவணத்தில் உள்ள ஓட்டை பல சமயம் எந்தச் செலவாலும் அடைபடாது.

இந்த வயதுக் கார்களில் அடிக்கடி தென்படும் சிக்கல், ஆர்.சி.யில் உள்ளவர் இறந்துபோயிருப்பதுதான். தாத்தா பெயரில் இருக்கும் காரைப் பேரன் விற்பார். கையெழுத்துப் போட்ட 29, 30ஆம் எண் படிவங்களைக் கொடுத்து, “நீங்களே பெயர் மாற்றிக்கொள்ளுங்கள்” என்பார். இறந்தவரின் கையெழுத்தோடு பெயர் மாற்றம் செய்வது மோசடி, மாட்டிக்கொள்பவர் வாங்கியவர்தான். முறையான வழி, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு படிவம் 31 வழியாகக் காரை முதலில் ஒரு வாரிசின் பெயருக்கு மாற்றுவது. விற்பனை அதற்குப் பிறகுதான். இதற்கு விற்பவர் குடும்பம் தயாராக இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்து, ஆர்.சி.யில் ஏதாவது ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடன் எப்போதோ அடைந்திருக்கும். அந்தப் பதிவை நீக்கியிருக்க மாட்டார்கள். அதை நீக்க நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35 தேவை. நிறுவனமே மூடப்பட்டிருந்தால் அந்தக் கையெழுத்தை எங்கே வாங்குவது? அந்தத் தலைவலி விற்பவரிடமே இருக்கட்டும். வெளிமாநில வண்டி என்றால் பழைய ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்றும் வேண்டும். வாகனத்தின் விவரம் இணையத்தில் வராவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. பழைய பதிவேடுகள் பல இன்னும் கணினியில் ஏறவில்லை. அந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே போய், பதிவேட்டில் உள்ள எண்ணோடு ஆர்.சி.யை ஒப்பிட்டுவிட வேண்டும்.

சேசிஸ் எண்ணைக் கண்ணால் மட்டும் படிப்பது போதாது. எண்ணின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் அச்சு அப்படியே தாளில் வரும். ஆர்.டி.ஓ. அலுவலகம் கேட்பதும் இந்த அச்சைத்தான். எழுத்துகள் வரிசை தவறியிருந்தாலோ, ஓரம் அரத்தால் உரசப்பட்டிருந்தாலோ சந்தேகப்பட வேண்டும். திருட்டு வண்டியை நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கும் உரிமை கிடைக்காது; உண்மையான உடைமையாளர் வந்தால் கொடுத்தாக வேண்டும். விற்கும் உரிமை விற்பவருக்கு இருந்தாக வேண்டும் என்கிறது 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. அதன்படி பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், விற்றவரைக் கண்டுபிடிக்க முடிந்தால்.

எஞ்சின் எண்ணிலும் அதே கவனம் வேண்டும். ஹெரால்டில் வேறு எஞ்சின் ஏறியிருந்து அது ஆர்.சி.யில் பதிவாகவில்லை என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கண்டிப்பாகச் சொன்னது. இன்னொரு இழப்பும் உண்டு. 2021இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த காரை ‘விண்டேஜ்’ என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. எம்.எஸ். என்று தொடங்கும் பழைய மதராஸ் எண்ணையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்த கார் அதற்குத் தகுதி பெறாது.

விண்டேஜ் பதிவில் ஒரு கட்டுப்பாட்டையும் கவனிக்க வேண்டும். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் ஓட்ட நினைப்பவருக்கு இது உதவாது. அவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்து எஃப்.சி. வாங்க வேண்டும். 20 ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாயாக உயர்த்தியது. தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் தனி. ஷெட்டில் பல வருடம் தூங்கிய காருக்கு இது எவ்வளவு ஆகும் என்று விலை பேசும் முன்பே கணக்குப் போட வேண்டும்.

இனி இரும்பு. ஹெரால்டின் பாடி தனிச் சேசிஸ் மேல் போல்ட் போட்டு உட்காருகிறது. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் அரிக்கும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்து, அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கலாம். துணி சுற்றிய காந்தத்தைப் பாடி முழுவதும் நகர்த்தினால் பட்டி பூசிய இடங்களில் அது பிடிக்காமல் வழுக்கும்.

உயிருக்கு ஆபத்தான இடம் முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதன் பெயர் ட்ரனியன். நிற்கும் இரும்புத் தண்டின் கீழ்முனை, மரை வழியாக ஒரு பித்தளைத் துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. அதற்குக் கியர் ஆயில் ஊற்றச் சொல்கிறது தயாரிப்பாளரின் கையேடு. பல பட்டறைகளில் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் உள்ளே போகாமல் இறுகும், தண்ணீர் இறங்கும், மரை துருப்பிடிக்கும். ஒருநாள் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். கடைசியாக எப்போது, என்ன ஊற்றினார்கள் என்று கேட்டுத் தெளிவான பதில் வராவிட்டால், கழற்றிப் பார்க்கும் வரை அந்தக் காரை வேகமாக ஓட்டக்கூடாது. பிரிட்டனில் ட்ரையம்ஃப் உதிரிபாகம் விற்பவர்களிடம் புதிது இன்னும் கிடைக்கிறது. பின்பக்க ஸ்விங் ஆக்சிலும் நிதானம் கேட்பது: வளைவில் வேகமாக நுழைந்து ஆக்சிலரேட்டரைத் திடீரென விட்டால் பின்சக்கரங்கள் உள்ளே மடங்கிப் பிடி நழுவும்.

வாங்கிய பின் குறை தெரிந்தால் என்ன செய்யலாம்? அது விற்றவர் யார் என்பதைப் பொறுத்தது. பழைய கார் வியாபாரி என்றால் 2023 ஏப்ரலிலிருந்து அவருக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று கட்டாயம். அதைக் காட்டச் சொல்லலாம். அவர் ஏமாற்றினால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கார் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. 1915 என்ற உதவி எண்ணும் உண்டு. தனிநபரிடம் வாங்கியவருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. அவருக்கு இருப்பது ஒப்பந்தச் சட்டமும் உரிமையியல் நீதிமன்றமும். துருவைப் பட்டி பூசி மறைத்தது போன்ற வேண்டுமென்றே செய்த மறைப்பு, சட்டத்தின் கண்ணில் மோசடி. ஆனால் விற்றவர் பேசாமல் மட்டும் இருந்தார், சாதாரணக் கவனத்தில் தெரியக்கூடிய குறைதான் என்றால் வழக்கு நிற்பது கடினம். பார்த்த அன்றைய புகைப்படங்கள், வாட்ஸ்அப்பில் விற்பவர் சொன்ன உறுதிமொழிகள், வங்கி வழியாகப் போன பணம் ஆகியவைதான் அப்போது கைகொடுக்கும்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட விற்பவரே விரும்பினால் அவரிடம் 2018 பிப்ரவரியின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்லலாம். பல கை மாறிய ஒரு கார் விபத்துக்குள்ளானது. பதிவேட்டில் முதல் உடைமையாளரின் பெயரே இருந்ததால் இழப்பீட்டுப் பொறுப்பு அவர் மேல்தான் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் விற்பவரும், 30 நாளில் வாங்கியவரும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறி ஆர்.சி. கைக்கு வரும்வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கும் அதே 14 நாள்தான் கெடு. விண்டேஜாகப் பதிந்த காருக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி உண்டு.