வெருகலுக்கு எந்த வழியாகப் பறப்பது?

ரொறன்ரோவிலிருந்து கிழக்கிலங்கையின் வெருகலுக்கு டிக்கெட் என்று தேடினால் எந்தத் தளமும் தராது. கொழும்புக்குத்தான் தரும். விலை குறைந்தது மேலே, கூடியது கீழே என்று பத்து இருபது வழிகளை அடுக்கிக் காட்டும். ஆவணித் திருவிழாவுக்கு வெருகல் சித்திரவேலாயுதர் சந்நிதியில் நிற்க நினைக்கும் உங்களுக்கு அந்த அடுக்கு பாதி உதவிதான் செய்யும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய பிறகும் 250 கிலோமீற்றருக்கு மேல் தரைவழி கிடக்கிறது. அது அந்தத் தளத்துக்குத் தெரியாது.

நேரே பறக்க முடியாதா? இலண்டன், பாரிஸ்காரருக்கு முடியும். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் அங்கிருந்து கொழும்புக்கு இடையில் நிற்காமல் பறக்கிறது. கனடாவிலிருந்து அப்படி ஒன்று இல்லை. ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் இடையில் கிட்டத்தட்ட 14,000 கிலோமீற்றர். எங்காவது இறங்கி மாறித்தான் ஆகவேண்டும். இதற்குப் பெயர் இணைப்புப் பயணம் (ஒரு விமானத்தில் இறங்கி இன்னொன்றில் ஏறிப் போவது).

அப்படியானால் எங்கே மாறுவது நல்லது? பறக்கும் மொத்த நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த நேரம் எப்படிப் பிரிகிறது என்பதில்தான் வித்தியாசம். டுபாய், அபுதாபி, டோஹா வழியாகப் போனால் முதலில் பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம் ஒரே இருப்பு. பிறகு ஐந்து மணி நேரத்துக்குள் கொழும்பு. இஸ்தான்புல் வழியாகப் போனால் ஏறக்குறைய பத்தும் எட்டுமாகப் பிரியும். இலண்டன் வழி ஏழும் பதினொன்றும். இரவில் நன்றாகத் தூங்கக் கூடியவருக்கு வளைகுடா வழி லேசு. முழங்கால் வலியோடு அம்மா வருகிறார் என்றால் நான் இஸ்தான்புல்லையோ இலண்டனையோதான் பார்ப்பேன். நடுவில் எழும்பி நடக்க ஓர் இடம் கிடைக்கும்.

எழுபது டொலர், நூறு டொலர் மலிவாகச் சில வழிகள் வருமே, அவற்றை எடுக்கலாமா? எடுக்குமுன் ஒன்றைப் பாருங்கள்: அது ஒரே டிக்கெட்டா, ஒட்டுப் போட்ட இரண்டு டிக்கெட்டா? ரொறன்ரோ–டுபாய் ஒரு நிறுவனத்தில், டுபாய்–கொழும்பு வேறொன்றில் என்று தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் மூன்று மணி நேரம் பிந்தியதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பில்லை. அவர்கள் கணக்கில் நீங்கள் வராத ஆள். வராத ஆளின் திரும்பும் பயணமும் சேர்ந்தே ரத்தாகிவிடுவது வழக்கம். இது பலருக்குத் தெரியாது. திருவிழா முடிந்து திரும்பும்போதுதான் தெரியவரும்.

ஒரே டிக்கெட் (ஒரே பதிவு எண்ணின் கீழ் முழுவழியும் வருவது) என்றால் கதை வேறு. முதல் விமானம் பிந்தி அடுத்ததைத் தவறவிட்டால், உங்களைக் கொழும்பில் சேர்ப்பது அவர்கள் பாடு. பெட்டியையும் ரொறன்ரோவில் கொடுத்தால் கட்டுநாயக்காவில் எடுக்கலாம். 2024 ஏப்ரல் 16 அன்று டுபாயில் பெருமழை கொட்டி விமான நிலையம் தடுமாறியது. 2025 ஜூன் 23 அன்று கட்டார் தன் வான்வெளியை மூடியது. இப்படியான நாட்களில்தான் அந்த நூறு டொலரின் பெறுமதி விளங்கும்.

பிந்தினால் காசு கிடைக்குமா? காரணத்தைப் பொறுத்தது. பாதுகாப்புத் தேவையால் அல்லாமல், விமான நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருந்த காரணத்தால், சேருமிடத்துக்கு ஒன்பது மணி நேரமோ அதற்கு மேலோ பிந்தினால், பெரிய நிறுவனம் 1,000 டொலர் தரவேண்டும் என்பது கனடாவின் விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் புறப்பட்டால் 600 யூரோ வரை கேட்கலாம். புயல், போர் என்றால் இந்தப் பணம் இல்லை. சேருமிடம் எது என்பதை டிக்கெட்டை வைத்தே கணக்கிடுவார்கள். துண்டு டிக்கெட்டில் உங்கள் சேருமிடம் டுபாயோடு முடிந்துவிடும்.

சென்னை வழியாக, கோயில்களையும் பார்த்துக்கொண்டு வரலாமா? தாராளமாக. ஆனால் தனி டிக்கெட் என்றால் சென்னையில் குடிவரவைக் கடந்து, பெட்டியை எடுத்து, மறுபடி கொடுக்கவேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். கனடியக் கடவுச்சீட்டும் விதிவிலக்கல்ல. இலங்கைக் கடவுச்சீட்டோடு கனடாவில் நிரந்தர வதிவிடம் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கே விசா கேட்பார்கள், வெளியே போகாவிட்டாலும். ஐரோப்பிய நகரங்களில் பொதுவாக இலங்கையருக்கு இடைத்தங்கல் விசா உண்டு. செல்லுபடியான கனடிய வதிவிட அட்டை இருந்தால் விலக்கு. மலிவான வழி நியூயோர்க்கைத் தொட்டுப் போகிறதா என்று பார்க்காமல் காசு கட்டவேண்டாம். கனடியக் கடவுச்சீட்டுக்காரர் இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியையும் புறப்படுமுன் எடுத்துவையுங்கள்.

சென்னையிலிருந்து பலாலிக்கும் விமானம் இருக்கிறதே, அது கிட்ட இல்லையா? பலாலியிலுள்ள யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் திறந்தபோது பலரும் இப்படித்தான் நினைத்தார்கள். வரைபடத்தில் கிட்டத்தான் தெரியும். வீதியால் வவுனியா, திருகோணமலை, மூதூர் என்று சுற்றி வர முந்நூறு கிலோமீற்றரைத் தொட்டுவிடும். வழியில் நல்லூரில் இறங்கும் எண்ணம் இருந்தால் சரி. வெருகல் மட்டும் என்றால் இலாபம் ஒன்றும் இல்லை. அங்கே வருவது சிறிய விமானம் என்பதால் பொதி எடையும் உதைக்கும்.

இனி முக்கியமான கேள்வி. கட்டுநாயக்காவில் எத்தனை மணிக்கு இறங்குவது? விலையைவிட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு இறங்கினால், குடிவரவு, பெட்டி எல்லாம் முடித்து ஆறரைக்கு வான் வெளிக்கிடும். தம்புள்ளையில் காலைச் சாப்பாடு. ஹபரணையில் வழி இரண்டாகப் பிரியும். ஒன்று பொலன்னறுவை, வாழைச்சேனை, வாகரை என்று தெற்கிலிருந்து வெருகல் பாலத்தை அடையும். மற்றது கந்தளாயில் திரும்பி, அல்லை வீதியால் சேருநுவர வந்து வடக்கிலிருந்து நுழையும். எதில் வந்தாலும் ஆறு ஏழு மணி நேரம் பிடிக்கும். பின்னேரப் பூசைக்கு முன் குளித்துவிட்டு நிற்கலாம்.

பின்னேரம் ஐந்து மணிக்கு இறங்கினால்? இதே வழியை இருட்டில் ஓடவேண்டும். ஹபரணை, மின்னேரியா, கந்தளாய்ப் பக்கம் இரவில் யானை வீதிக்கு வரும். சாரதியும் களைத்திருப்பார். நீங்களோ ஒரு நாள் முழுக்கத் தூங்காத ஆள். அப்படியான டிக்கெட் நூறு டொலர் மலிவாக வந்தால், நீர்கொழும்பில் ஓர் இரவு அறை வாடகையையும் அதோடு கூட்டுங்கள். பிறகு அது மலிவா என்று பாருங்கள்.

முன்பு இதைவிடச் சிரமம். திருகோணமலைப் பக்கம் கிண்ணியாவிலும், இங்கே வெருகலிலும் நீரைக் கடக்க ‘பாதை’ (வாகனத்தை ஏற்றிச் செல்லும் மிதவை) ஒன்றுதான் கதி. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்ரோபரில் திறந்தது. வெருகல் ஆற்றுக்கும் போருக்குப் பிறகு பாலம் வந்துவிட்டது. ஆனாலும் மழைக்காலத்தில் ஆற்றை நம்ப முடியாது. வெருகல் ஆறு மகாவலியின் ஒரு கிளை. மலைநாட்டில் கொட்டுவது இங்கே வந்து சேரும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது மூதூர், வெருகல் பக்கம் வெள்ளத்தில் கிடந்தது. நத்தார் விடுமுறைக்கு வருபவர்கள் திகதி மாற்றக்கூடிய டிக்கெட் எடுப்பது புத்தி. ஆவணியில் வருபவருக்கு அந்தப் பயம் குறைவு, விலைதான் கூட. பள்ளிக்கூட விடுமுறையும் அப்போதுதானே.

மாறும் இடத்தில் எவ்வளவு நேரம் வேண்டும்? ஒரே டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் காட்டினாலும் விற்பார்கள்; இளம் ஆள் ஓடிப் பிடிப்பார். குடும்பத்தோடு என்றால் இரண்டரை முதல் நான்கு மணி நேரம் வரை நல்லது. சக்கர நாற்காலி கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். நாற்காலிக்காரரைப் பொதுவாக முதலில் ஏற்றி, கடைசியில்தான் இறக்குவார்கள். கணக்குப் போடும்போது இதை மறந்துவிடுகிறோம். நாற்காலியைப் புறப்படுவதற்கு இரண்டு நாளாவது முன்பு சொல்லிவைக்கவேண்டும்.

திரும்பும்போது வாகரைத் தேனும் தயிர்ச் சட்டியும் கையில் எடுத்துப் போகலாம் என்று நினைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனைக்கு இரண்டுமே திரவம். கட்டுநாயக்காவில் தப்பினாலும் மாறும் இடத்தில் பிடித்துவிடக்கூடும். தேனை நன்றாகச் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். தயிரை வெருகலிலேயே சாப்பிட்டு முடிப்பதுதான் மரியாதை.

கடைசியாகத் திகதி. கொழும்பிலிருந்து வெளிநாடு போகும் விமானங்கள் பல நள்ளிரவு தாண்டித்தான் புறப்படும். டிக்கெட்டில் 15ஆம் திகதி அதிகாலை 2.30 என்று இருந்தால், நீங்கள் வெருகலில் வாகனத்தில் ஏறுவது 14ஆம் திகதி காலையில். 15ஆம் திகதி காலைப் பூசை பார்த்துவிட்டு வெளிக்கிடலாம் என்று ஊரில் சொல்லிவிடாதீர்கள்.