அப்பாவின் வலது தோள்

அப்பாவுக்கு முதலில் வந்தது நடுக்கம் இல்லை, தோள்வலி. சட்டை போடும்போது வலது கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் எழுதிய கை, தேய்ந்திருக்கும் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். நாங்கள் போன மருத்துவமனையிலும் ‘ஃப்ரோஸன் ஷோல்டர்’ என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். ஒத்தடம், ஊசி, கதவில் கயிறு கட்டி இழுக்கிற பயிற்சி என்று எட்டு மாதம் ஓடியது.

அம்மாதான் முதலில் கவனித்தாள். “உங்கப்பா நடக்கும்போது வலது கை வீசவே மாட்டேங்குதுடா. இடுப்புல எதையோ இடுக்கிக்கிட்டு வர்ற மாதிரி ஒட்டிக்கிட்டே வருது.” பால் கணக்கு நோட்டைப் புரட்டினால், வரி தொடங்கும்போது குண்டு குண்டாக இருக்கும் எழுத்து, முடியும்போது கடுகாகச் சிறுத்திருந்தது.

நரம்பியல் டாக்டர் அப்பாவின் வலது மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகச் சுழற்றினார். பிறகு, “இடது கையை மூடி மூடித் திறங்க சார்” என்றார். அப்பா இடது கையை மூடித் திறக்க ஆரம்பித்ததும், டாக்டரின் பிடியில் இருந்த வலது மணிக்கட்டு வழுக்கிக்கொண்டு சுற்றுவதை நிறுத்திவிட்டு, பல்சக்கரம் போல விட்டுவிட்டு அசைந்தது. என் விரலையும் அங்கே வைக்கச் சொன்னார். தோலுக்கு அடியில் கடக், கடக் என்று ஒரு தடங்கல். பார்கின்சன் நோயை நான் முதன்முதலில் தெரிந்துகொண்டது கண்ணால் அல்ல, விரல்நுனியால்.

இந்த நோய்க்கும் தொடுதலுக்கும் ஆதியிலிருந்தே ஒரு கணக்கு உண்டு. லண்டன் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் பார்த்த ஜேம்ஸ் பார்கின்சன், 1817இல் ‘நடுக்கு வாதம்’ பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் வருவது மொத்தமே 6 பேர். சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி. நடுக்கம், கூன், ஓடுவது போன்ற நடை எல்லாவற்றையும் துல்லியமாக எழுதியவர், தசை இறுக்கத்தை விட்டுவிட்டார். தெருவில் போகிறவரின் கையைப் பிடித்து மடக்கிப் பார்க்க முடியாதே! அந்த இறுக்கத்தை அழுத்திச் சொன்னவர் பாரிஸ் சால்பெத்ரியேர் மருத்துவமனையின் ஷார்கோ. நடுக்கமே இல்லாமலும் இந்த நோய் வரும் என்று சொல்லி, பார்கின்சன் பெயரையே அதற்குச் சூட்டியவரும் அவர்தான்.

இறுக்கம் என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும், உள்ளே இருப்பது இரண்டு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. அந்த வருஷத்தை வீணடித்துவிட்டேனே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

முதலாவது, மூளையிலிருந்து வருவது. நடுமூளையில் கருநிறமாக ஒரு பகுதி உண்டு. டோபமைன் சுரக்கும் செல்கள் அங்கே இருக்கின்றன. அவற்றில் கணிசமானவை அழிந்த பிறகுதான் அறிகுறிகளே வெளியே தெரியும். டோபமைன் குறைந்ததும், தசைகள் ஓய்வாக இருக்கவேண்டிய நேரத்திலும் விறைத்தே நிற்கின்றன. பதற்றத்தில் இது கூடும். நல்ல தூக்கத்தில் தளர்ந்துவிடும். லெவோடோபா மாத்திரை இளக்குவது இந்த இறுக்கத்தை.

இரண்டாவது, உடம்பு தானாகச் சேர்த்துக்கொள்வது. அசையாத தோளைச் சுற்றியுள்ள சவ்வு சுருங்கும். குனிந்தே உட்கார்ந்தால் மார்புத் தசை குறுகும், விலா எலும்புகள் விரிய மறக்கும். கெண்டைக்கால் சுருங்கி, குதிகால் தரையில் முழுசாகப் பதியாது. இதை எந்த மாத்திரையும் தொடாது. மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரத்திலும் அப்பாவின் தோள் ஏன் மேலே போகவில்லை என்பதற்கு விடை இங்கேதான் இருந்தது. கையால் அழுத்தியும் அசைத்தும் செய்யும் சிகிச்சைக்கு உண்மையான வேலை இருப்பதும் இந்த இரண்டாவது இறுக்கத்தில்தான்.

வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வருகிற பிசியோதெரபிஸ்ட் இளைஞர், செருப்பைக் கழற்றும்போதே கேட்பது ஒரே கேள்வி: “சிண்டோபா எத்தனை மணிக்குப் போட்டீங்க சார்?” அந்த லெவோடோபா மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்காமல் அவர் தொடமாட்டார். முதல் இறுக்கம் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் இரண்டாவதோடு மல்லுக்கட்ட முடியும் என்பது அவர் கணக்கு.

தோளில்தான் வலி, ஆனால் அவர் ஆரம்பிப்பது முழங்காலில். அப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு முழங்காலையும் மடக்கிச் சேர்த்து, இடமும் வலமுமாக மெதுவாகச் சாய்ப்பார். தூளி ஆட்டுகிற வேகம், அதற்கு மேல் இல்லை. முதலில் இடுப்பும் முதுகும் ஒரே பலகையாகத் திரும்பும். கொஞ்ச நேரத்தில் இடுப்பு தனியாகவும் நெஞ்சு தனியாகவும் பிரிந்து அசைய ஆரம்பிக்கும். அப்பாவின் தாடை தளர்வது அப்போதுதான்.

பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோள்பட்டை எலும்பின் கீழ் விளிம்புக்குள் ஒரு கையின் விரல்களை நுழைப்பார். இன்னொரு கை முன்பக்கத் தோளில். அந்த எலும்பை மேலே, முன்னே, கீழே, பின்னே என்று சறுக்கவிடுவார். “இது நகராம கையை மட்டும் தூக்கினா வலிக்கத்தான் செய்யும்” என்பார். எட்டு மாதம் கயிறு இழுத்தது என் நினைவுக்கு வரும். அடுத்து, சுருட்டிய துண்டை முதுகெலும்பின் நீளவாக்கில் வைத்து, அதன்மேல் கைகளை விரித்துப் படுக்கச் சொல்வார். மூச்சு வெளியேறும்போது விலாவில் கை மிருதுவாக அழுத்தும். உள்ளே வரும்போது விட்டுக்கொடுக்கும். கடைசியாகக் கெண்டைக்கால். குதிகாலைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, முன்னங்கையால் பாதத்தை மேல்நோக்கிச் சாய்த்து அப்படியே பிடித்திருப்பார். வெடுக்கென்று எதையும் செய்யமாட்டார்.

இதுவரை நடந்ததை மட்டும் பார்த்தால் நல்ல மசாஜ் என்று சொல்லிவிடலாம். எனக்கு முக்கியமாகப் பட்டது இதற்கு அப்புறம் நடப்பது.

படுக்கையில் புரண்டு படுப்பது. நமக்கு அது ஒரு வேலையே இல்லை. அப்பாவுக்கு அது மலை. ராத்திரியில் மாத்திரையின் வேகமும் இறங்கிவிடும். அம்மா மூன்று நான்கு தடவை எழுந்து அவரைத் திருப்பிப் போடவேண்டும். பிசியோ இளைஞர் அந்த ஒரே அசைவை நான்கு கட்டமாகப் பிரித்தார். முதலில், “நீங்க ஒண்ணுமே செய்யாதீங்க சார், என்கிட்ட விட்டுடுங்க” என்று தாளக்கட்டோடு அவரே திருப்பினார். பல தடவை ஆனபின், “இப்போ கொஞ்சம் கூட வாங்க.” அப்புறம், “நீங்களே போங்க, நான் தொட்டுக்கிட்டு மட்டும் வர்றேன்.” கடைசியில் தோளில் லேசாகத் தடுத்து, “என் கையைத் தள்ளிட்டுப் போங்க.” அசைவைத் தொடங்குவதுதான் இந்த நோயில் பெரிய சிக்கல். அந்தத் தொடக்கத்தை முதலில் தன் கையால் கடன் கொடுத்து, சிறுகச் சிறுகத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். 1940களில் அமெரிக்காவில் ஹெர்மன் கபாட் என்ற மருத்துவரும், மார்கரெட் நாட் என்ற பிசியோதெரபிஸ்டும் உருவாக்கிய முறையில் இது ஒரு பகுதி. உலகம் முழுக்க பிசியோதெரபி வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள்.

இதற்கெல்லாம் நிரூபணம் உண்டா? நேர்மையாகச் சொல்லவேண்டுமானால், கையால் செய்யும் சிகிச்சைக்கு மட்டும் என்று பார்த்தால் குறைவுதான். 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மூட்டுகளையும் தசைகளையும் கையால் இளக்கும் ஆஸ்டியோபதி சிகிச்சையை 10 நோயாளிகளுக்கு ஒரே ஒரு முறை கொடுத்துப் பார்த்தார்கள். உடனே அவர்கள் எடுத்துவைக்கும் அடியின் நீளம் கூடியது. நல்ல செய்திதான். ஆனால் பத்துப் பேர், ஒரு தடவை. அடுத்த மாதம் என்ன ஆனது என்பதற்கு அதில் பதில் இல்லை.

ஷார்கோவின் நாற்காலிக் கதையும் இங்கே உதவும். ரயிலிலும் குதிரை வண்டியிலும் நெடுந்தூரம் குலுங்கி வந்த நோயாளிகள், இறங்கும்போது உடம்பு லேசாக இருப்பதாகச் சொல்வதை அவர் கவனித்தார். உடனே குலுங்கும் நாற்காலி ஒன்றைச் செய்யவைத்து அதில் அவர்களை உட்காரவைத்தார். 1892இல் அதைப் பற்றி உரையும் நிகழ்த்தினார். நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து, சிகாகோ மருத்துவர்கள் இதையே திரும்பச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். குலுங்கியவர்களுக்கும் குணம் தெரிந்தது. குலுங்காமல் அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு தெரிந்தது. அமைதியும், நம் மேல் ஒருவர் கவனம் வைத்திருக்கிறார் என்ற உணர்வும் இந்த நோயாளிகளின் உடம்பை எவ்வளவு இளக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அது ஏமாற்று இல்லை, ஆனால் எவ்வளவு நாள் நீடிக்கும் என்று சொல்லமுடியாது.

உடற்பயிற்சிக்கோ கைநிறையச் சான்று இருக்கிறது. 2023இல் காக்ரேன் அமைப்பு 150க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. நடனம், நீரில் பயிற்சி, நடைப் பயிற்சி என்று பெரும்பாலானவை அசைவுக்குப் பலன் தருகின்றன. எது செய்தாலும் சரி, செய்யவேண்டும். ஆகவே கை இளக்கிக் கொடுத்ததை, இளகிய சூட்டோடு நோயாளியே அசைந்து பிடித்துக்கொள்ள வேண்டும். எழுந்து நடக்காமல் முடிகிற சிகிச்சைக்கு வாரா வாரம் பணம் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நாங்களும் ஏமாந்தோம். 21 நாள் எண்ணெய்த் தேய்ப்பு, ‘நிரந்தரத் தீர்வு’ என்றார்கள் ஓரிடத்தில். எண்ணெய்த் தேய்ப்பில் அப்பாவுக்குச் சுகம்தான். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஐந்தாம் நாள், “இங்கிலீஷ் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடுங்க” என்றார்களே, அதை மன்னிக்கவே முடியாது. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு கட்டையாக விறைத்து, கடும் காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரையில் கைவைக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னும் சில ஜாக்கிரதைகள். சலூனில் முடிவெட்டியபின் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பார்கள். பார்கின்சன் நோயாளிகளுக்கு அது கூடவே கூடாது. எலும்பு பலவீனமும் பலருக்குச் சேர்ந்தே இருக்கும், முதுகில் ஏறி மிதிப்பதெல்லாம் விபரீதம். படுத்திருந்தவர் சடாரென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துதான் எழவேண்டும். எண்ணெய் தேய்த்தால் உள்ளங்காலை முதலில் துடைக்கவேண்டும். மூளையில் மின்முனை பொருத்திய டி.பி.எஸ். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, வலிக்காக வைக்கும் டயாதெர்மி சூடு உடம்பின் எந்த இடத்திலும் ஆகாது. புது இடத்துக்குப் போனால் அவர்கள் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிடவேண்டும்.

வீட்டில் இருப்பவர்களின் கைக்கும் பயிற்சி தேவை. குளியலறை வாசலில் அப்பாவின் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்து இழுப்பேன். பாதம் நிற்கும், உடம்பு மட்டும் என்மேல் சாயும். ஒருநாள் இரண்டு பேருமே விழுந்தோம். பிசியோ இளைஞர் என் கையை எடுத்து அப்பாவின் இடுப்பில் வைத்தார். “இழுக்காதீங்க சார். பேசாம நிக்க விடுங்க. அப்புறம் பாரத்தை இந்தக் கால், அந்தக் கால்னு மாத்தி மாத்தி ஆட்டுங்க. பாரம் இல்லாத கால் தானா கிளம்பும்.” வாசலுக்கு முன்னால் சிவப்பு டேப்பைக் கோடு கோடாக ஒட்டினோம். சமதளத்தில் ஒட்டிக்கொள்கிற கால், கோடுகளைக் கண்டால் தாண்டிவிடுகிறது. தானாக நடக்கும் பாதை மூளையில் பழுதானாலும், பார்த்துத் தாண்டும் பாதை கொஞ்சம் மிச்சமிருக்கிறது. டேப் ஒட்டிய அன்று அப்பா அதைத் தாண்டிவிட்டு, திரும்பி வந்து இன்னொரு தடவை தாண்டினார்.

நோய் நிற்கவில்லை. மாத்திரை அளவு கூடியிருக்கிறது, குரல் தணிந்திருக்கிறது. வலது கை தலைவரை போகிறது. சீப்பை அவரே பிடிக்கிறார்.

போன மாதம் ஒரு ராத்திரி கட்டில் கிறீச்சிட்டது. வழக்கம்போல அம்மா எழுந்து உட்கார்ந்து, “இருங்க, வர்றேன்” என்றாள். விளக்கைப் போட்டபோது அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். போர்வை மட்டும்தான் காலில் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா அதை எடுத்துவிட்டு விளக்கை அணைத்தாள்.