இரண்டு வெள்ளைக்குப் பிறந்த ஊதா

வெள்ளை கேட்லியா ஆர்க்கிடை இன்னொரு வெள்ளை கேட்லியாவோடு சேர்த்தால் வெள்ளைதானே பூக்க வேண்டும்? சில ஜோடிகளுக்கு அப்படித்தான் நடக்கிறது. வேறு சில ஜோடிகளின் பிள்ளைகளோ ஒன்றுவிடாமல் ஊதாவாகப் பூத்து நிற்கும். மகரந்தம் மாறிப்போயிற்றோ என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

இந்தப் புதிருக்கு மெண்டலின் கணக்கை வைத்து விடை சொன்னவர் இங்கிலாந்தின் சி. சி. ஹர்ஸ்ட், ஆண்டு 1909. ஊதா நிறமி உருவாக 'சி', 'ஆர்' என்ற இரண்டு மரபுக் காரணிகளும் வேண்டும். வங்கி லாக்கர் மாதிரி, ஒரு சாவி மட்டும் இருந்தால் திறக்காது. ஒரு வெள்ளைப் பூவிடம் 'சி' இல்லை, மற்றதிடம் 'ஆர்' இல்லை என்றால், பிள்ளைக்கு இரண்டும் கிடைத்து நிறம் திரும்பிவிடும். இரண்டிடமும் இல்லாதது ஒரே சாவிதான் என்றால், எல்லாமே வெள்ளை. முதல்வகை ஊதாப் பிள்ளைகளைத் தங்களுக்குள் கலந்தால் சராசரியாக 16-க்கு 9 ஊதா, 7 வெள்ளை.

ஆக, கையிலிருக்கும் வெள்ளை எந்த வகை என்று பூவைப் பார்த்துச் சொல்ல முடியாது. வகை தெரிந்த வெள்ளையோடு கலந்து பார்க்க வேண்டும். கலப்பதென்னவோ சின்ன வேலைதான்: பூவின் நடுத்தண்டு நுனியிலுள்ள மூடியைக் குச்சியால் நெம்பினால், மெழுகுப் பதத்தில் மஞ்சள் மகரந்தக் கட்டிகள் ஒட்டிக்கொண்டு வரும், அவற்றை மற்றப் பூவின் பிசுபிசுத்த குழியில் வைத்துவிட்டால் போதும். ஆனால் காய் முற்றி, கண்ணாடிக் குடுவையில் விதை முளைத்து, செடி பூக்க ஆறேழு வருஷம் ஆகலாம். வம்சாவளிப் பதிவுகளை வளர்ப்பாளர்கள் பொத்திப் பாதுகாப்பது அதனால்தான். 1906-ல் தொடங்கிய, ஆர்க்கிட் கலப்பினங்களுக்கான சாண்டர் பட்டியல் பெற்றோரைச் சொல்லும்; ஆனால் ஒரே ஜோடியின் பிள்ளைகள் அத்தனைக்கும் ஒரே கலப்பினப் பெயர். எந்தப் பிள்ளையிடம் எந்தச் சாவி என்பது அதில் இருக்காது. பெயரை மட்டும் நம்பிச் செடி வாங்குவது எனக்குச் சூதாட்டமாகவே படுகிறது.

பூவின் அளவு இப்படி ஒன்றிரண்டு மரபணுவில் அடங்குவதில்லை. அங்கே அனுபவக் கணக்கு ஒன்று உண்டு: 16 செ.மீ. பூவோடு 4 செ.மீ. பூவைக் கலந்தால் 10 வராது, 8-ஐ ஒட்டி வரும். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். சிறிய பூவின் பக்கமே தராசு சாயும்.

தராசை மறுபக்கம் சாய்க்கும் செடிகளும் உண்டு. சிம்பிடியம் அலெக்சாண்டரி 'வெஸ்டன்பர்ட்' புகழ்பெற்ற உதாரணம். சாதாரண சிம்பிடியத்துக்கு 40 குரோமோசோம், இதற்கு 80. பிள்ளைக்கு இது 40 தருகிறது, சாதாரணத் துணை 20. பிள்ளை இதன் சாயலிலேயே பிறப்பதில் வியப்பில்லை. ஆனால் 60 குரோமோசோமோடு வரும் அந்தப் பிள்ளையிடம் விதை எடுப்பது பெரும்பாடு.