திசை மாறாத விளக்கு

நள்ளிரவு தாண்டிவிட்டது. மீன்பிடித்துவிட்டுக் கரை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறது ஒரு ஃபைபர் படகு. வலப்பக்கத் தொடுவானத்தில் வெள்ளை விளக்கு ஒன்று தெரிகிறது. கப்பல்தான். அது முன்னால் போய்விடுமா, பின்னால் போகுமா, நேராக வந்து மோதுமா? இருட்டில் தூரமும் பிடிபடாது, வேகமும் பிடிபடாது. ஆனாலும் விடை கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

படகைத் திருப்பாமல், உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராமல், படகில் உள்ள ஒரு கம்பத்தோடு அந்த விளக்கைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். விளக்கு படகின் முன்முனையான அணியத்தின் பக்கம் நகர்ந்திருந்தால் கப்பல் நமக்கு முன்னால் கடந்துவிடும். பின்முனையான அமரத்தின் பக்கம் நகர்ந்திருந்தால் பின்னால் போய்விடும். நகரவே இல்லை, வெளிச்சம் மட்டும் கூடிக்கொண்டே வருகிறது என்றால் இரண்டும் ஒரே புள்ளிக்குத்தான் வந்துகொண்டிருக்கின்றன.

இதில் மாயம் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த வடிவொத்த முக்கோணங்கள்தான். சீரான வேகத்தில் நேர்கோட்டில் போகும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தை அடையப்போகிறார்கள் என்றால், அவர்களும் அந்த இடமும் சேர்ந்து அமையும் முக்கோணம் சுருங்கிக்கொண்டே வரும். அதன் கோணங்கள் மட்டும் மாறா. தட்டாம்பூச்சி பறக்கும் இரையை மறிப்பதும் ஏறக்குறைய இதே கணக்கில்தான். ஆபத்து என்னவென்றால், மனிதக் கண் குறுக்கே நகர்வதைத்தான் சட்டென்று கவனிக்கும். மோத வரும் பொருள் குறுக்கே நகர்வதில்லை. அசையாத புள்ளியாக நிற்கிறது. கடைசியில் திடீரென்று பூதாகரமாகிறது. கடலில் நடந்த எத்தனையோ மோதல்களில் 'பார்க்கவே இல்லை' என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

1972-ல் உருவாகி 1977 ஜூலை 15 முதல் உலகக் கடல்களில் நடப்பில் இருக்கும் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள், இந்தச் சோதனையைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கின்றன. நெருங்கி வரும் கலத்தின் திசை குறிப்பிடும்படி மாறவில்லை என்றால் மோதும் அபாயம் உண்டு என்று கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தாலும் அபாயம் உண்டு என்றே கொள்ள வேண்டும். மிகப் பெரிய கப்பல் மிக அருகே வரும்போது திசை மாறுவதுபோலத் தெரிந்தாலும் நம்பிவிடக் கூடாது என்றும் அதே விதி எச்சரிக்கிறது. முன்பகுதி தாண்டிப் போய்விட்டது என்று நினைக்கும்போது பின்பகுதி வந்து இடிக்கலாம்.

அபாயம் தெரிந்துவிட்டது. யார் விலகுவது? அதற்கும் விளக்கே பதில் சொல்கிறது. எந்தக் கலத்துக்கும் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இரண்டு இயந்திரக் கலங்கள் குறுக்கே சந்தித்தால், எதிராளியைத் தன் வலப்பக்கத்தில் காண்பவர் விலக வேண்டும். வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வருபவரின் இடப்பக்கம்தானே நமக்குத் தெரியும்? ஆகவே நாம் காண்பது சிவப்பு. அவர் காண்பது நம்முடைய பச்சை. நடுக்கடலில், கம்பம் எதுவும் நடாமல், ஒருவருக்கு 'நில்', மற்றவருக்கு 'போ' என்று சொல்லும் சிக்னல் இது. இவ்வளவு அழகான ஏற்பாட்டை நான் வேறு எந்தச் சட்டத்திலும் கண்டதில்லை.

நேருக்கு நேர் வந்தால் இருவருமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். சாலையில் இடப்பக்கம் ஒதுங்கிப் பழகிய நம் கைகள் இதைத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். முந்திச் செல்பவர் முந்தப்படுபவரிடமிருந்து விலகியே போக வேண்டும். அவர் பாய்மரக் கலத்தில் போனாலும் இதில் சலுகை இல்லை.

'வழியுரிமை' என்று நாம் பேச்சுவாக்கில் சொல்கிறோம். அந்த விதிகளில் அப்படி ஒரு உரிமை யாருக்கும் தரப்படவில்லை. இருப்பவை இரண்டு கடமைகள். ஒருவர் முன்கூட்டியே, எதிராளிக்குப் பளிச்சென்று தெரியும்படி விலக வேண்டும். மற்றவர் திசையும் வேகமும் மாற்றாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவது கடமை சும்மா இருப்பதுபோலத் தோன்றும். குறுகிய சந்தில் எதிரெதிரே வரும் இருவர் ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடி ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் நிலையாக இருந்தால்தான் மற்றவர் கணக்குப் போட முடியும். அந்த நிலைக்கும் எல்லை உண்டு. விலக வேண்டியவர் விலகவில்லை என்று தெரிந்தால், குறைந்தது ஐந்து முறை குறுகிய ஒலி எழுப்பி எச்சரித்து, தானே விலகலாம். விலக வேண்டியவர் மட்டும் விலகினால் மோதலைத் தவிர்க்க முடியாது என்ற கட்டத்தில், விலகியே ஆக வேண்டும். 'விதி என் பக்கம்' என்று மூழ்கிப்போக யாருக்கும் அனுமதி இல்லை.

பனிமூட்டத்தில் இந்தப் பாகுபாடே மறைந்துவிடுகிறது. பார்வைக்குத் தெரியாத இரு கலங்களில் இருவருக்குமே விலகும் பொறுப்பு உண்டு. முன்பக்கம் இருக்கும் கலத்துக்காக இடப்பக்கம் திரும்புவதை, முந்திச் செல்லும்போது தவிர, இயன்றவரை தவிர்க்க வேண்டும். இதன் அருமையை உணர 1956 ஜூலை 25 இரவுக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால், நியூயார்க் நோக்கி வந்த இத்தாலியப் பயணிகள் கப்பல் ஆந்த்ரேயா டோரியாவும், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஸ்வீடன் கப்பல் ஸ்டாக்ஹோமும் ரேடாரில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டேதான் நெருங்கின. மூட்டத்துக்குள் இருந்தும் இத்தாலியக் கப்பல் வேகத்தை அதிகம் குறைக்கவில்லை. எதிர்க்கப்பல் தன் வலப்பக்கம் இருப்பதாக அதன் மாலுமிகள் கணித்து, இடப்பக்கம் வெறும் 4 டிகிரி திரும்பினார்கள். அவ்வளவு சிறிய திருப்பம் எதிராளியின் ரேடார் திரையில் தெரியாது. ஸ்டாக்ஹோமோ எதிர்க்கப்பல் தன் இடப்பக்கம் இருப்பதாகக் கொண்டு வலப்பக்கம் திரும்பியது. சந்தில் முட்டிக்கொண்ட இருவரின் கதைதான். இரண்டு கப்பல்களிலுமாக 51 பேர் இறந்தார்கள். மறுநாள் காலை ஆந்த்ரேயா டோரியா மூழ்கியது. கருவி இருந்தது, இருவரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. திருப்பம் எதிராளிக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும், சிறுகச் சிறுகத் திரும்பக் கூடாது என்று இன்றைய விதி சொல்வதன் பொருள் இதுதான்.

நம் கரையிலும் பாடம் இருக்கிறது. 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, உள்ளே வந்த எண்ணெய்க் கப்பலும் வெளியே போன எரிவாயுக் கப்பலும் மோதிக்கொண்டன. கரையில் ஒதுங்கிய எண்ணெய்ச் சேற்றை வாளி வாளியாகக் கைகளால் அள்ளியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு மேற்கே, கேரளத்தின் பேப்பூரிலிருந்து போன மீன்பிடி விசைப்படகு ஒன்று சரக்குக் கப்பலோடு மோதிக் கவிழ்ந்தது. தமிழ்நாட்டு, மேற்கு வங்க மீனவர்கள் 14 பேர் அதில் இருந்தார்கள். உயிரோடு மீட்கப்பட்டவர்கள் இருவர்.

மீனவர்களுக்கு விதிகளில் சலுகை உண்டு. வலையோ தூண்டில் கயிறோ கடலில் கிடந்து, படகு நினைத்தபடி திரும்ப முடியாத நிலையில் இருந்தால், இயந்திரக் கப்பலும் பாய்மரக் கலமும் அதற்கு விலகிப் போக வேண்டும். இழுவலைப் படகு பச்சைக்குக் கீழே வெள்ளை விளக்கும், மற்ற வகை மீன்பிடிப் படகுகள் சிவப்புக்குக் கீழே வெள்ளை விளக்கும் ஏற்றி அதைத் தெரிவிக்க வேண்டும். வலையைத் தூக்கிவிட்டு வீடு திரும்பும் படகு இன்னொரு இயந்திரக் கலம், அவ்வளவே. துறைமுகக் கால்வாய்களில் மீன்பிடிப் படகு மற்ற கலங்களின் போக்குக்குத் தடையாக இருக்கவே கூடாது.

கப்பலின் மேல்தளத்தில் நிற்பவர் எல்லாவற்றையும் பார்ப்பார் என்று நம்பிவிடாதீர்கள். முகப்புக்கு முன்னால் 500 மீட்டர் வரை கடல்பரப்பு மறைந்திருப்பதைக் கப்பல் பாதுகாப்பு விதிகளே அனுமதிக்கின்றன. மரத்திலும் ஃபைபரிலும் செய்த படகு ரேடாரில் மங்கலாகத்தான் விழும். உலோகப் பிரதிபலிப்பான் ஒன்றைக் கட்டினால் நன்றாகத் தெரியும். 12 மீட்டருக்குக் குறைந்த படகின் சிவப்பு, பச்சை விளக்குகள் ஒரு கடல் மைல் தூரம் தெரிந்தால் போதும் என்கிறது சட்டம். மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பலுக்கு அது மூன்று நிமிடப் பயணம்.

படகு உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டீசல் நிரப்பும்போது அந்த இரண்டு பல்புகளும் எரிகின்றனவா என்று பாருங்கள். தளத்தில் போட்டிருக்கும் பளீர் வெளிச்சம் அவற்றை மறைக்கிறதா என்றும் பாருங்கள். எல்லோரும் களைத்துத் தூங்கும் நேரத்தில் ஒருவரையாவது முறைவைத்து விழித்திருக்கச் செய்யுங்கள்.