பிரசவ அறைக்குள் அம்மாவும் வரட்டும்

முப்பத்தோரு வருஷம் அரசு மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் பிரசவ வார்டு. ஆரம்ப வருஷங்களில் வலி எடுத்த பெண்ணை உள்ளே கூட்டிக்கொண்டு கதவைத் தாழ் போட்டுவிடுவோம். அவளுடைய அம்மாவும் மாமியாரும் வராந்தாவில் ஒயர்கூடையும் வெந்நீர் பிளாஸ்க்குமாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே அடுத்தடுத்துக் கட்டில். நடுவில் திரை கிடையாது. பத்தொன்பது வயசுப் பிள்ளை "அம்மா" என்று அலறும்போது, அந்த அம்மா இருபதடி தூரத்தில்தான் இருப்பாள்.

நானும் அதட்டியிருக்கிறேன், "கத்தாதே, முக்கு" என்று. வலியில் கிடந்தவர்களின் தொடையில் விழுந்த அடிகளைப் பார்த்திருக்கிறேன், தடுத்ததில்லை. இதைச் சொல்லாமல் மீதியை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

உறவுக்காரப் பெண் ஒருத்தி பிரசவ அறையில் கூட இருக்கலாம் என்ற ஏற்பாட்டை 2004-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. எங்கள் வார்டில் முதலில் எதிர்த்தவர்களில் நானும் ஒருத்தி. கிருமி வரும், மயங்கி விழுவார்கள், சண்டைக்கு வருவார்கள் என்றெல்லாம் காரணம் சொன்னேன். நாங்கள் நடந்துகொள்வதை வெளியாள் பார்ப்பாளே என்பதுதான் உள்ளே இருந்த பயம்.

முதலில் வந்தவள் ஒரு சின்னம்மா. நான்கு பிள்ளை பெற்றவள். வலியில் இருந்த பெண்ணின் இடுப்பில் முஷ்டியை வைத்து அழுத்தித் தேய்த்தாள், மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுத்தாள், சுவரோரமாக நடக்கவைத்தாள். நடுராத்திரியில், "சிஸ்டர், தண்ணிக்குடம் உடைஞ்சிருச்சு" என்று அவள்தான் கூப்பிட்டாள். ஐந்து கட்டிலுக்கு ஒருத்தியாக ஓடிக்கொண்டிருந்த எனக்கு இன்னொரு ஜோடிக் கண் கிடைத்தது போலிருந்தது. விடிந்தபோதுதான் கவனித்தேன், அன்றிரவு முழுக்க நான் குரலை உயர்த்தவே இல்லை.

துணை இருந்தால் பிரசவம் சுலபமாவதற்கு உடம்பிலேயே காரணம் உண்டு. பயந்தால் அட்ரினலின் சுரக்கும்; அது கூடினால் வலி தளர்ந்துபோகும், பிரசவம் இழுக்கும். பக்கத்தில் நம்பிக்கையான ஆள் இருந்தால் பயம் தணியும். 17 நாடுகளில் 15,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்து 2017-ல் அலசினார்கள். கடைசிவரை துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடுதல், சிசேரியன் குறைவு, வலிநேரமும் ஏறக்குறைய நாற்பது நிமிஷம் குறைவு.

மத்திய அரசு 2016-ல்தான் நாடு முழுவதற்கும் பிரசவத் துணையை அனுமதித்தது. துணைக்கு வருபவர் பொதுவாகப் பிள்ளை பெற்ற அனுபவமுள்ள பெண்ணாக, தொற்றுநோய் இல்லாதவராக இருக்கவேண்டும். மற்ற பெண்களிடம் போகக்கூடாது. சரியான விதிகள்தான். ஆனால் கட்டிலுக்குக் கட்டில் திரை போடாமல் துணையை மட்டும் உள்ளே விட்டால், பக்கத்துக் கட்டில்காரியின் மானம் போகும். திரைத்துணிக்குப் பணமில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

பிள்ளை பெறுபவளுக்குத் துணை வந்தாயிற்று; வெள்ளை உடுப்புக்குள் இருக்கும் நர்ஸுக்கு யார் துணை? ஒரு ராத்திரி குழந்தை ஒன்று என் கையிலேயே அடங்கிப்போனது. கையைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். காலையில் ரிஜிஸ்டரைக் கேட்டார்கள்; வேறெதுவும் கேட்கவில்லை. அந்தக் குழந்தையை யாரிடமும் பேசாமலே பல வருஷம் சுமந்தேன்.

இப்படிச் சுமப்பதை இறக்கிவைக்க வேறிடத்தில் ஒரு வழி இருக்கிறது. பாஸ்டன் நகரத்து வழக்கறிஞர் கென்னத் ஷ்வார்ட்ஸ் நுரையீரல் புற்றுநோயால் 1995-ல், நாற்பது வயதில் இறந்தார். தனக்குச் சிகிச்சை கொடுத்தவர்களின் அன்பு எவ்வளவு பெரிய மருந்தாக இருந்தது என்று நோயோடு இருந்தபோதே எழுதியவர். அவர் பெயரில் இன்று பல மருத்துவமனைகளில் ஊழியர்கள் கூடி, வேலையில் மனசைப் பாதித்ததைப் பேசுகிறார்கள். நம் ஊரிலும் மாதம் ஒரு மணி நேரம் டாக்டரும் நர்ஸும் ஆயாவும் அப்படிச் சேர்ந்து உட்காரவேண்டும். இறந்த குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிப்போவது ஆயாதான். அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

போன வருஷம் என் தங்கை மகளுக்கு நானே துணையாகப் போனேன். டூட்டியில் இருந்த சின்னப் பெண், "உள்ளே பரிசோதிக்கப் போறேன்மா, வலிச்சா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கையுறை போட்டாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கியது. மூன்று மணிவாக்கில், "சாப்பிட்டியாம்மா?" என்றேன். இல்லையென்று தலையாட்டினாள். பிளாஸ்க்கிலிருந்து காபியை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தாள். அங்கே அவளுக்கு நாற்காலி இல்லை.