பறவைக்குக் கண், கெண்டைக்கு நாக்கு

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் பாதியைக் கடந்தால் அடி அண்ணாமலை வரும். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். இங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் மழையை நம்பிக் கிடக்கும் ஏரிகளும் குட்டைகளும்தான். தண்ணீர் நின்ற வருஷம் மீன் குஞ்சு விடுவார்கள். அவற்றில் பெரும்பாலானவை கட்லா, ரோகு, மிர்கால்.

மூன்றும் வடக்கத்தி ஆறுகளின் கெண்டைகள். வெள்ளம் புரளும் ஆற்றில்தான் முட்டையிடும். தேங்கிய குளத்தில் இடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரி, மீனின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியில் ஏற்றி, அடைபட்ட நீரிலேயே கெண்டையை முட்டையிட வைத்தார். கங்கை மீன் நம்மூர்க் குட்டைக்குத் தாராளமாக வர வழி பிறந்தது அப்படித்தான். அந்த நாள்தான் இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினம்.

குஞ்சு கிடைத்துவிட்டது. அடுத்த கவலை தீவனம். தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து கரையில் நின்று வீசினால், மீனுக்கு முன்னால் பறவை வந்துவிடுகிறது. கரையில் சிந்தியதை மைனா பொறுக்கும். மிதப்பதைக் காகம் கொத்தும். கொஞ்சம் அமிழ்ந்ததை நாமக்கோழி முக்குளித்து எடுத்துவிடும். காய்ந்த தவிட்டுக்குள் காற்று இருப்பதால் அது சட்டென்று மூழ்காது. காற்று அடிக்கிற பக்கம் மிதந்துபோய்க் கரையோர ஆழமற்ற நீரில் ஒதுங்கும். கோயில் குளத்தில் நாம் வீசும் பொரிக்கும் இதே கதிதான்.

பட்டாசு கொளுத்தலாம், தகரம் தட்டலாம். நாலு நாளில் பறவைக்கு அது பழகிவிடும். விரட்டுவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அதற்குப் பறவை எப்படித் தேடுகிறது, கெண்டை எப்படித் தேடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பறவை கண்ணால் தேடும். கண்ணுக்கு எட்டாதது அதற்கு இரையே இல்லை. நல்ல மீன்குளத்தின் நீர் பச்சையாக இருக்கும். நுண்ணுயிர்ப் பாசி தரும் நிறம் அது. அந்தப் பச்சை போதுமா என்று பார்க்க மீன் வளர்ப்பவர்கள் முழங்கை வரை கையை நீரில் விடுவார்கள். உள்ளங்கை மங்கி மறைகிற நிலை என்றால் நீர் சரி. அதாவது ஒரு முழத்துக்குக் கீழே இருப்பது மேலே பறக்கும் கண்ணுக்குத் தெரியாது. மீனுக்குச் சோறு போடும் அதே பாசிதான் அதன் தீவனத்துக்குத் திரையும் போடுகிறது.

கெண்டைக்கு அந்த இருட்டு ஒரு தடையே அல்ல. அதற்கு நாக்கு வாய்க்குள் மட்டும் இல்லை என்றே சொல்லலாம். சுவை மொட்டுகள் உதட்டிலும் மீசையிலும் தோலிலும் பரவியிருக்கின்றன. சாதாக் கெண்டை சேற்றை வாய் நிறைய உறிஞ்சி, அண்ணத்தில் இருக்கும் தசைமெத்தையால் தடவிப் பார்த்து, தின்னக்கூடியதை நிறுத்திக்கொண்டு மண்ணைத் துப்பிவிடும். தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் அரைக்கும். இரைப்பையும் கிடையாது. ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்று சேமித்துவைக்க முடியாததால், கொஞ்சம் கொஞ்சமாக நேரமெடுத்து மேயும்.

காதும் கூர்மைதான். கெண்டையின் காற்றுப்பை ஒலியில் அதிரும். அந்த அதிர்வைச் சங்கிலிபோல் கோத்த சிற்றெலும்புகள் உள்காதுக்குக் கடத்தும். 1820இல் இவற்றை விவரித்த ஜெர்மானியர் வெபரின் பெயரே அவற்றுக்கு நிலைத்தது. இதே எலும்புகள் கொண்ட கெளுத்தி ஒன்றை, சீட்டியடித்தால் இரைக்கு வரும்படி கார்ல் வான் ஃபிரிஷ் பழக்கிக்காட்டினார். அந்த ஆய்வு 1923இல் வெளிவந்தது. பிற்காலத்தில் தேனீ ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற அதே ஃபிரிஷ்தான்.

ஆக, தீவனம் கண்ணுக்கு மறைய வேண்டும். நாக்குக்குத் தெரிய வேண்டும். இந்தக் கணக்கைக் கொல்லேறு ஏரிப் பக்கத்து ஆந்திர விவசாயிகள் அழகாகப் போட்டிருக்கிறார்கள். பழைய உரச்சாக்கின் அடிப்பகுதியில் வரிசையாகத் துளைகள் இடுவார்கள். உள்ளே தவிடும் புண்ணாக்கும் நிரப்பி, குளத்தில் நட்ட மூங்கிலில் கட்டி, அடிப்பாகம் நீருக்குள் இருக்கும்படி தொங்கவிடுவார்கள். அங்கே பெரும்பாலும் ரோகுதான் வளர்க்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் இடம் பழகிவிட்டால், மூங்கிலைத் தேடி வந்து துளையில் வாய் வைத்து உறிஞ்சிக்கொள்ளும். மீன் இழுத்தால்தான் தீவனம் வெளியே வரும். காகம் சாக்கின் மேல் உட்காரலாம், அவ்வளவுதான். மாலையில் சாக்கைத் தூக்கிப் பார்த்தால் மீன் எவ்வளவு தின்றது என்ற கணக்கும் கிடைக்கும்.

தூண்டில்காரர்களும் இதே கணக்கைத்தான் வேறு வழியில் போடுகிறார்கள். புண்ணாக்கையும் தவிட்டையும் களிமண்ணோடு பிசைந்து உருட்டி எறிந்தால், உருண்டை நேரே அடிக்குப் போய் அங்கேதான் கரையும். இங்கிலாந்தில் கெண்டை பிடிப்பவர்கள், நீரில் கரைந்துபோகும் பாலிவினைல் ஆல்கஹால் பையில் இரையைக் கட்டி எறிகிறார்கள். ரிமோட்டில் ஓடும் சின்னப் படகில் ஏற்றி அனுப்புபவர்களும் உண்டு. கவணில் வைத்து ஒவ்வொன்றாக அடித்தால் கடற்காகங்கள் நடுவானிலேயே பிடித்துவிடும்; இந்த வழிகளில் அந்தத் தொல்லை குறைவு.

பறவை தீவனத்தை மட்டும் கெடுப்பதில்லை, இடத்தையும் கெடுக்கும். கெண்டைக் குடும்பத்து மீனின் தோல் கிழிந்தால் அதிலிருந்து ஒரு எச்சரிக்கைப் பொருள் நீரில் கலக்கும். அதை முகர்ந்த மற்ற மீன்கள் சிதறி ஓடி, சில நேரம் அந்தப் பக்கமே வராது. 1938இல் இதைக் கண்டுபிடித்தவரும் ஃபிரிஷ்தான். கரையோர ஆழமற்ற நீரில் தீவனம் போட்டு மீனை அங்கே கூட்டினால், கொக்கும் நீர்க்காகமும் கூடும். ஒரு குத்து விழுந்தாலே பந்தி கலைந்துவிடும். பச்சை முதுகுக் கொக்கு இன்னும் ஒரு படி மேலே போகிறது: மனிதர் வீசிய ரொட்டித் துண்டைத் தின்னாமல் எடுத்துவந்து நீரில் போட்டு, அதைக் கொத்த வரும் மீனைப் பிடிக்கிறது.

பறவைக்கு மறைத்தால் போதும் என்று தீவனத்தை அளவில்லாமல் ஆழத்தில் கொட்டுவதும் ஆபத்து. தின்னாமல் கிடப்பது அழுகி நீரின் ஆக்சிஜனைக் குடித்துவிடும். விடியற்காலையில்தான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. இரவெல்லாம் பாசியும் சுவாசித்திருக்கும். அதனால் வெயில் ஏறி, பாசி மறுபடி ஆக்சிஜனை விடத் தொடங்கிய பிறகே தீவனம் வைக்க வேண்டும்.

கொக்கையோ நீர்க்காகத்தையோ சுடுவது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்குத் தேவையும் இல்லை. சின்னக் குட்டை என்றால் மேலே குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டினாலே பறவை இறங்கத் தயங்கும். பெரிய ஏரி என்றால், நன்றாக அலசிய பழைய சாக்குகளும் மூங்கில்களும் போதும். குளம் வைத்திருப்பவர்கள் இந்த மழைக்கு ஒரு சாக்கில் தொடங்கிப் பாருங்கள். தீவனச் செலவில் வித்தியாசம் தெரியும்.