மரம் சீவும் உளி ஏன் வளைந்தது? ஜோகூர் தோட்டத்துக் கத்திகள் பற்றிய எளிய விளக்கம்

குளுவாங், லாபிஸ், சிகாமட், கூலாய் பக்கம் வளர்ந்தவர்கள் பலரின் வீட்டில் இன்னும் ஒரு விசித்திரமான கத்தி கிடக்கும். கைப்பிடி நேராக இருக்கும். அலகின் நுனி மட்டும் மடிந்து, 'வி' எழுத்துபோல் பள்ளமாக இருக்கும். தாத்தாவோ பாட்டியோ ரப்பர் மரம் சீவிய உளி அது. வெங்காயம் நறுக்கவும் உதவாது, கயிறு அறுக்கவும் உதவாது.

அப்படியானால் அதற்கு ஏன் அந்த வடிவம்? யார் அதை வளைத்தார்கள்? இன்று சிறுதோட்டம் வைத்திருக்கும் உங்களுக்கு இதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கத்தியின் வடிவத்தை எது தீர்மானிக்கிறது?

கை செய்யும் அசைவுதான். கத்தியைத் தள்ளி வெட்டுகிறீர்களா, இழுத்து வெட்டுகிறீர்களா, மேலாகச் சீவுகிறீர்களா என்பதைப் பொறுத்தே அலகு நேராகவோ வளைந்தோ பள்ளமாகவோ அமைகிறது. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் தோட்டத்துக் கத்திகள் எல்லாமே புரிந்துவிடும்.

முதலில் ரப்பர் மரத்தை எதைக் கொண்டு வெட்டினார்கள்?

ரப்பர் மரத்தின் தாயகமான அமேசான் காட்டில் சிறு கோடரியால் கொத்தினார்கள். பால் வந்தது. ஆனால் கோடரி பட்டையைத் தாண்டி மரத்துக்குள் இறங்கியது. காயம் ஆறிய இடமெல்லாம் முண்டும் முடிச்சுமாகிப் போனதால், அங்கே மறுபடியும் வெட்ட முடியவில்லை.

1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. 1888-இல் அதன் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி பல ஆண்டுகள் சோதனை செய்து ஒரு வழி கண்டார். மரத்தைக் கொத்த வேண்டாம். ஒரே வெட்டின் கீழ் ஓரத்தை ஒவ்வொரு முறையும் மெல்லிய சீவலாக எடுத்தால் போதும், மரமும் பிழைக்கும், பாலும் தொடர்ந்து வரும் என்று காட்டினார். மலாயாவின் ரப்பர் தொழில் முழுவதும் இந்த முறையின்மேல்தான் எழுந்தது.

கொத்துவதிலிருந்து சீவுவதற்கு மாறியதும் பழைய ஆயுதங்கள் போதவில்லை. தச்சு உளி, குதிரைக் குளம்பைச் செதுக்க லாடக்காரர்கள் வைத்திருந்த நுனி வளைந்த கத்தி எனக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் தோட்டக்காரர்கள் முயன்று பார்த்தார்கள். நுனி மடிந்த கத்தியே வேலைக்கு ஒத்துவந்தது. மலாயாவில் 'ஜெபோங்' என்ற வகை நிலைத்தது. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இலங்கையிலும் 'மிச்சி கோலெட்ஜ்' என்ற வகை பரவியது.

ஜோகூருக்கு இது எப்போது வந்தது?

கெமாஸிலிருந்து ஜோகூர் பாருவுக்கு 1909-இல் ரயில் பாதை முடிந்தது. பாதையை ஒட்டிக் காடு அழிந்து தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியாகவும், பின்னர் குடியேற்ற நிதியின் உதவியோடும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். வயலில் அரிவாள் பிடித்துப் பழகிய கை, முற்றிலும் வேறான ஒரு கத்தியைப் பழகவேண்டி வந்தது.

சரி, 'வி' வடிவம் எதற்கு?

ரப்பர் மரத்தின் பால் பட்டைக்குள்தான் இருக்கிறது. பால் குழாய்கள் பட்டையின் உட்புறத்தில், வளர்படலத்தை (பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கும் மெல்லிய உயிர்த்தோல்) ஒட்டியே நெருக்கமாக அமைந்திருக்கின்றன. மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும். ஆழமாக வெட்டினால் வளர்படலம் அறுந்து மரம் காயப்படும். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை உள்ளே விட்டுவைத்து வெட்டை நிறுத்த வேண்டும்.

இந்த வேலையை நேரான அலகு செய்யாது. மரம் உருண்டையானது, நேர் அலகு ஓரிடத்தில் ஆழமாகவும் மற்றோரிடத்தில் மேலாகவும் பாயும். 'வி' வடிவ அலகின் ஒரு பக்கம் பட்டையின் அடியைச் சீவ, மறு பக்கம் வளர்படலத்துக்கு முன்னால் நின்று ஆழத்தைக் காக்கும். நடுவில் உள்ள மடிப்பு, பால் வழிந்தோட ஒரு சிறு வாய்க்காலையும் வெட்டிவிடுகிறது. ஆக, ஒரே இழுப்பில் மூன்று வேலை முடிகிறது.

சீவுகிறவர் வெட்டின் மேல் முனையில் தொடங்கி, கத்தியைத் தம் பக்கம் இழுத்தபடியே மரத்தைச் சுற்றிக் காலை நகர்த்துவார். கத்தி கூராக இருந்து கையும் பழகியிருந்தால் சீவல் அறுபடாமல் சுருண்டு விழும். அடுத்த கணமே வெட்டு முழுவதும் வெள்ளைப் பொட்டுகள் அரும்பி, ஒன்றாகக் கூடி, வாய்க்காலில் இறங்கி மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணம்) சொட்டும்.

வெட்டு ஏன் எப்போதும் சாய்வாகவே இருக்கிறது?

பால் வழியவேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. பால் குழாய்கள் செங்குத்தாக இல்லாமல், மேலே போகப் போகச் சற்று வலப்புறம் சாய்ந்திருக்கும். அதனால் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்த வெட்டு அதிகக் குழாய்களைத் திறக்கிறது. ஒட்டு மரத்தில் வெட்டின் சாய்வு சுமார் 30 பாகை. அப்படியே தலைகீழாக மாற்றி வெட்டினால் அதே உழைப்புக்குப் பால் குறையும்.

சீவல் கொஞ்சம் தடித்தால் என்ன குடிமுழுகிவிடும்?

இந்தக் கேள்விக்குத்தான் நீங்கள் அதிகக் கவனம் கொடுக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு முறைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் சீவுகிறீர்கள், ஆண்டுக்கு 150 நாள் சீவுகிறீர்கள் என்று வையுங்கள். ஆண்டுக்கு 22.5 சென்டிமீட்டர் பட்டை போகும். மரத்தின் ஒரு பக்கத்தில் 120 சென்டிமீட்டர் உயரப் பட்டை இருந்தால் அது ஐந்து ஆண்டுக்கு மேல் வரும். அடுத்த பக்கமும் அப்படியே. இரண்டும் முடியப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் முதல் பக்கத்தில் புதுப்பட்டை வளர்ந்து தடித்து, மறுபடியும் சீவத் தயாராகிவிடும்.

இப்போது சீவலை மூன்று மில்லிமீட்டராக்குங்கள். இரண்டு பக்கமும் ஐந்தரை ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். முதல் பக்கத்தின் புதுப்பட்டை இன்னும் முற்றியிருக்காது. மரம் நிற்கும், சீவ இடம் இருக்காது. கூடுதலாகச் சீவிய அந்த ஒன்றரை மில்லிமீட்டர் உங்களுக்குக் கூடுதல் பால் எதுவும் தருவதில்லை என்பதுதான் இதில் வேதனை.

மொண்ணைக் கத்திதான் இந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் காரணம். கூர் இல்லாத கத்தியை அழுத்தத் தோன்றும். அழுத்தினால் அது வழுக்கி மரத்தில் பாயும். ஆகவே கத்தியைத் தீட்டுவது உங்கள் மரத்தின் ஆயுளைக் காக்கும் வேலை.

சட்டைப்பையில் வைக்கும் மடக்குக் கத்தியும் இப்படித்தான் மாறியதா?

ஆமாம், அதே விதிதான். ஐரோப்பாவில் இறகுப் பேனாவின் நுனியைச் சீவச் சின்னஞ்சிறு மெல்லிய அலகு இருந்தது. கப்பலோட்டிகள் கயிறு அறுக்க, வாய் நேராகவும் நுனி மழுங்கியும் உள்ள அலகைக் கேட்டார்கள். கப்பல் ஆடினாலும் குத்திவிடாது. 1891-இல் சுவிஸ் படைக்குக் கொடுத்த மடக்குக் கத்தியில் ஈட்டிபோன்ற அலகோடு டின் திறப்பானும் திருப்புளியும் சேர்ந்தன. கொடி கவாத்து செய்பவர்களுக்குப் பருந்தின் அலகுபோல் உள்நோக்கி வளைந்த கத்தி வந்தது. இன்று கடையில் பரவலாகக் கிடைப்பது, முதுகு மெல்லத் தாழ்ந்து நுனியோடு சேரும் அலகு. நுனி உறுதியாக இருக்கும், பல வேலைக்கு உதவும்.

நம் தோட்டத்திலும் ஒரு மடக்குக் கத்தி உண்டு. நாற்றங்காலில் மொட்டு ஒட்டுவதற்கான (நல்ல மரத்தின் மொட்டை வேறு கன்றின் பட்டைக்குள் பொருத்துவது) ஒட்டுக் கத்தி அது. டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த ஜாவாவில் 1916 வாக்கில் இந்த முறை ரப்பருக்கு உருவானது. நாற்றின் பட்டையில் சிறு சன்னல்போல் கீற வேண்டும், பட்டையைத் தாண்டக் கூடாது. அதனால் அலகு குட்டையாகவும் நேராகவும் இருக்கும். பட்டையை நெம்பித் தூக்க, கைப்பிடியின் மறுமுனையில் தட்டையான ஒரு நாக்கு வைத்திருப்பார்கள். மா, ரம்புத்தான் ஒட்டுவதற்கும் அதே கத்தியை நீங்கள் பயன்படுத்தலாம்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் என்ன ஆனது?

ஜோகூரில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறியதோடு கத்தியும் மாறியது. செம்பனை இளசாக இருக்கும்போது குலை நம் உயரத்துக்குள் இருக்கும். காம்பைக் குத்தித் தள்ளி அறுக்கலாம். அதற்குத் தண்டில் பொருத்திய அகன்ற, நேரான உளி போதும். மரம் உயர்ந்தபின் மேல்நோக்கித் தள்ள வலு போதாது. அப்போது நீண்ட கம்பின் நுனியில் வளைந்த அரிவாளைக் கட்டி, காம்பில் மாட்டிக் கீழே இழுக்க வேண்டும். வளைவு காம்பை நழுவ விடாது, உடலின் எடையே அறுத்துக் கொடுக்கும்.

முன்பு அந்தக் கம்பு மூங்கில். இப்போது இலேசான அலுமினியம். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய 'சந்தாஸ்' என்னும் மோட்டார் கருவியிலும் நுனியில் இருப்பது அதே அரிவாளோ உளியோதான். விசை எந்திரத்துடையது ஆனாலும் வடிவம் மாறவில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். அலுமினியத்தில் மின்சாரம் பாயும். மின்கம்பிக்கு அருகில் உள்ள மரத்தில் அலுமினியக் கம்பை உயர்த்தவே கூடாது. குலை விழும் திசையில் நிற்காதீர்கள். தலைக்கவசமும் கண்ணாடியும் போடுங்கள்.

நான் கத்தி வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் வேலையைச் சொல்லுங்கள், பிறகு கத்தியைக் கேளுங்கள். நெஞ்சு உயரத்துக்குள் ரப்பர் சீவ, இழுத்துச் சீவும் சாதாரண உளி. தலைக்கு மேல் உள்ள பட்டையை மேல்நோக்கிச் சீவ, நீண்ட கைப்பிடியுள்ள தள்ளு உளி. சாதாரண உளியை ஏணியில் ஏறிப் பயன்படுத்துவது ஆபத்து. ஒட்டுக்கு நேர் அலகு. கவாத்துக்கு உள்வளைந்த அலகு. வீட்டில் பொட்டலம் பிரிக்க மழுங்கிய நுனியுள்ள கத்தியே பத்திரமானது.

'வி' அலகைத் தீட்டச் சாதாரண அகலக் கல் உதவாது. பள்ளத்துக்குள் நுழையும் ஒடுக்கமான கல் வேண்டும். வெளிப்பக்கத்தை அதன் பழைய சாய்வு மாறாமல் தீட்டி, உள்ளே எழும் பிசிறை ஒடுக்கக் கல்லால் எடுங்கள். வேலை முடிந்ததும் பாலைத் துடைத்துவிட்டு எண்ணெய் தடவி உறையில் போடுங்கள். பழைய உளி கிடைத்தால் துருவை நீக்கி, மடிப்பில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் இருந்தால் அதை வேலைக்கு எடுக்காதீர்கள். துருப்பிடித்த கத்தி கையைக் கிழித்தால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் டெட்டனஸ் ஊசியைப் பற்றிக் கேளுங்கள்.

கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போகலாமா?

வேலைக்காகப் போகலாம், காரணமில்லாமல் போகக்கூடாது. அரிக்கும் பொருள், வெடிபொருள், ஆபத்தான ஆயுதங்கள் தொடர்பான 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, சட்டப்படியான காரணமின்றிப் பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. தண்டனை 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. தோட்டத்துக்குப் போகும் வழியில் உறையிலிட்ட உளி இருப்பது வேலைக் காரணம். அதே கத்தி திருவிழாக் கூட்டத்தில் இடுப்பில் இருந்தால், ஏன் என்று நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

மோட்டார் சைக்கிளில் அரிவாளைக் கொண்டு போகிறவர்கள் வாயை உறையாலோ தடித்த சாக்காலோ மூடிக் கட்டுங்கள். பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் சாவிக்கொத்தில் தொங்கும் மடக்குக் கத்தியையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அங்கேயும் இதற்குக் கடுமையான சட்டம் இருக்கிறது. செனாய் விமான நிலையத்தில் கைப்பையில் கத்தி கூடாது.

கடைசியாக, ரப்பர் மரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சீவியதும் விழுந்த சீவலில் ஒன்றை எடுத்து அளவுகோலில் வைத்துப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினால், அன்றைக்கே உளியைத் தீட்டுங்கள்.